நீலக் கோட்டின் வலது பை

சட்டையின் வலது கையைத் தேய்த்து முடித்தவள், இடது கையை மறந்துவிட்டு வலது கையையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு உடுத்த நல்ல சட்டையாக ஒன்று கொண்டுவரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. அவனிடம் நல்ல சட்டை என்று இருந்தது இந்த வெள்ளைச் சட்டை ஒன்றுதான். மற்றதெல்லாம் கிரீஸ் கறை. ‘என் கல்யாணத்துக்கும் இதே போதும், செலவு மிச்சம்’ என்று வாங்கி வந்த அன்றே சொல்லிச் சிரித்தவன். அவனுக்கு எப்போதும் வாய்க்குப் பிரேக் கிடையாது.

எதிர்ச் சுவரில், ஆணியில், அவளுடைய நீலக் கோட்டு தொங்கியது. நேற்று மாலை வந்து மாட்டியதோடு சரி, அவள் அதன் பக்கம் போகவில்லை. நாய் நிற்கிற தெருவைச் சுற்றிப் போகிறவள் மாதிரி, அலமாரியைத் திறக்கவேண்டுமென்றால்கூடக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனாள்.

தம்பி ஓட்டியது டிராக் ரேஸ்; வளைவு நெளிவு இல்லாத பந்தயம். நேரான தார்ச்சாலை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டி. விளக்கு பச்சையானதும் பாய்ந்தால், ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த வேகத்தை வெறும் பிரேக்கை நம்பி நிறுத்த முடியாது. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஓட்டுகிறவன் லிவரை இழுப்பான், வண்டிக்குப் பின்னாலிருந்து பாராசூட் விரியும். விரியாவிட்டால் சாலை முடிகிற இடத்தில் மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணலுக்கும் அடங்காவிட்டால் அதற்கப்பால் சுவர். நேற்று அவன் வண்டி மணலுக்கு அடங்கவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது பாராசூட் தானாக அவிழ்ந்து தொலையக் கூடாது என்று அதற்கு ஒரு இரும்புப் பின் செருகியிருப்பார்கள். விரல் நீளம், நுனியில் சிவப்பு ரிப்பன். புறப்படும் கோட்டில் அதை உருவுவது அவள் வேலை. உருவாவிட்டால், லிவரை இழுத்தாலும் பாராசூட் வெளியே வராது. உருவி, கையைத் தூக்கித் தம்பிக்குக் காட்டவேண்டும். ரிப்பனைப் பார்த்ததும் அவன் கட்டைவிரலைத் தூக்குவான். அந்தப் பின் நேராக அவள் கோட்டின் வலது பைக்குள் போகும். வேறெதையும் அந்தப் பையில் போடக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். வண்டியைக் கட்டியவர் அப்பா. வீட்டில் எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நேற்றும் அவள் கையைத் தூக்கினாள். அவனும் கட்டைவிரலைத் தூக்கினான். அதில் சந்தேகமே இல்லை. தூக்கிய கையில் என்ன இருந்தது என்பதுதான் ராத்திரியெல்லாம் அவளைப் போட்டு வாட்டியது.

மழை வரும்போல் இருந்தது. சீக்கிரம் சீக்கிரம் என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பியின் ஹெல்மெட் கண்ணாடியில் எங்கிருந்தோ எண்ணெய் தெறித்திருந்தது. “அக்கா, கண்ணாடிய தொடச்சு விடு, ஒண்ணும் தெரியல” என்றான். ஷெட்டில் துடைக்கிற துணி எல்லாமே சிவப்பு. கையில் இருந்த துணியால் துடைத்தாள். அப்புறம் வண்டிக்குப் பின்னால் போனாள். போனாளா? குனிந்த ஞாபகம் இருக்கிறது. ஆனால் எத்தனையோ வருஷமாகக் குனிகிறவளுக்கு அது எந்த நாள் குனிந்தது என்று எப்படித் தெரியும்? தூக்கிய கையில் சிவப்பு இருந்தது. ரிப்பனா, துணியா?

பைக்குள் கையை விட்டால் தெரிந்துவிடும். அதனால்தான் அவள் விடவில்லை.

“இன்னும் தேச்சு முடிக்கலையா?” என்றபடி அம்மா உள்ளே வந்தாள்.

“ஒரு கை பாக்கிம்மா.”

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. “கடைசியா உங்கிட்ட என்னடி சொன்னான்?”

“கண்ணாடிய தொடைக்கச் சொன்னான்.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லலம்மா.”

“வாயாடிப் பய. நேத்துன்னு பாத்து வாய மூடிக்கிட்டான்.” சும்மா உட்கார முடியாமல் எழுந்தவள் ஆணியில் இருந்த கோட்டைப் பிடித்தாள். “இத ஊறப்போடறேன். ஒரே எண்ணெ நாத்தம்.”

“தொடாதம்மா.”

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அம்மா கோட்டை விட்டுவிட்டுப் பயந்துபோய்ப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்தாள்; அவளுக்குத் தலை சுற்றியது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மகள் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மாவைத் தாங்கி சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது பின்வாசலில் டயர் வந்து நின்றான். ஷெட்டில் தம்பியோடு வேலை பார்த்தவன்; உருண்டையாக இருப்பதால் தம்பி வைத்த பெயர். நொறுங்கிய வண்டியை விடிந்ததும் லாரியில் ஏற்றி வந்து ஷெட்டில் இறக்கியது அவன்தான். கண்கள் வீங்கியிருந்தன.

“அக்கா, ரேஸ் சங்கத்து ஆளு தெருமுனைக்கு வந்துட்டாராம். வண்டியப் பாத்து எழுதிட்டுப் போவாராம்.”

அவள் முற்றத்தை எட்டிப் பார்த்தாள். “அப்பா எங்க?”

“காலைலேந்து ஷெட்டுக் கதவ சாத்திக்கிட்டு உள்ளயேதான் இருந்தாரு, என்னக்கூட விடல. இப்பதான் கண்ணாடி எடுக்கணும்னு வீட்டுக்குள்ள வந்தாரு.”

அவள் திரும்பினாள். அப்பா அவள் அறைப் பக்கமிருந்து நடந்து வந்தார். ஒரே நாளில் வேட்டு வைத்த பாறை மாதிரி உடைந்து போயிருந்தார். கண்ணாடி அவர் நெற்றிமேலேயே இருந்தது.

“கண்ணாடி கெடச்சுதாப்பா?”

அவர் நெற்றியைத் தடவிப் பார்த்தார். “ம். கெடச்சுது.”

பாவம், மனுஷர் தன் நிலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். இப்போதே சொல்லிவிட வேண்டும். யாரோ ஒருவர் வந்து கண்டுபிடித்து அவர் காதில் போடுவதைவிட, தானே சொல்லிவிடலாம்.

“அப்பா, நேத்து பொறப்படற கோட்டுல நின்னப்போ நான்…”

“அப்புறம் பேசலாம்மா,” என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். “ஆள் வந்துட்டாரு.”

சங்கத்து ஆள் ஒல்லியானவர், மரியாதை தெரிந்தவர். அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் ஷெட்டுக்கே வந்தார். டார்ச் அடித்து, மண்டியிட்டு, மெதுவாகப் பார்த்தார். அவள் நிலைப்படியில் நின்றாள். வண்டியைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல், சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பேனர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். டார்ச் வெளிச்சம் வண்டியின் பின்பக்கத்தில் நின்றபோதெல்லாம் அவள் மூச்சும் நின்றது.

“உங்க பையன் லிவர இழுத்திருக்காரு,” என்றார் அவர், எழுந்து முழங்கால் மணலைத் தட்டியபடி. “கம்பி இழுபட்ட தடம் நல்லாத் தெரியுது. அவர் மேல தப்பில்ல. ஆனா பாராசூட் வெளிய வரல. பொட்டி இந்த மாதிரி நசுங்கிக் கெடக்கு, ஏன்னு சொல்ல முடியல.” ஒரு கணம் தயங்கினார். “பாராசூட் பின்ன எடுக்கறது யாரு?”

“எம் பொண்ணு,” என்றார் அப்பா.

“அந்தப் பின் இப்ப எங்க இருக்கு? பாக்கணும்.”

அவள் ஸ்பேனர்களிலிருந்து கண்ணை எடுத்தாள். டயர் அவளைப் பார்த்தான். அம்மா பின்வாசலில் நின்று பார்த்தாள். எடுக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம், எல்லாம் இங்கேயே முடிந்துவிடட்டும் என்று வாயைத் திறந்தாள்.

“கோட்டுப் பையில இருக்கும்,” என்றார் அப்பா. “வேற எங்கயும் வைக்க மாட்டா. போய் எடுத்துட்டு வாம்மா.”

முற்றத்தைத் தாண்டி, சமையலறை வழியாகத் தன் அறைக்கு வந்தாள். அம்மாவின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்ற ஒரே பயம்தான் அவளுக்குள் இருந்தது. தம்பி லிவரை இழுத்திருக்கிறான். இழுத்து, ஒன்றும் நடக்காமல், அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் வலது பைக்குள் கையை விட்டாள்.

சில்லென்று இரும்பு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. எடுத்திருக்கிறாள். எடுத்துத்தான் காட்டியிருக்கிறாள். முகத்தைக்கூடத் துடைக்காமல் ஷெட்டுக்கு ஓடி, ரிப்பன் சுற்றியிருந்த பின்னை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

சங்கத்து ஆள் அதைப் பார்த்தார். தொடவில்லை. “சரிம்மா. அப்ப கயிறுதான் உள்ள சிக்கியிருக்கணும்,” என்றார். எழுதிக்கொண்டு, அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அம்மா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

சட்டை பாக்கியிருந்தது. அறைக்கு வந்து பின்னை மேஜைமேல் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். சுற்றியிருந்த ரிப்பன் மெல்லப் பிரிந்து சட்டையின் மேல் விழுந்தது. அதன் மடித்துத் தைத்த ஓரத்திலிருந்து என்னவோ உதிர்ந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். மணல்.

பின்னைத் திருப்பினாள். நடுவில் லேசாக வளைந்திருந்தது.

புறப்படும் கோட்டில் மணல் கிடையாது, வெறும் தார். மணல் இருப்பது சாலையின் அந்தக் கோடியில். நேற்று அவள் அங்கே போகவே இல்லை. ஓடப் பார்த்தவளை டயர்தான் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தி வைத்திருந்தான். மணலுக்குள் போய் வந்தது வண்டி மட்டும்தான்.

வாசலில் நிழல் விழுந்தது. அப்பா நின்றிருந்தார். கண்ணாடி இன்னும் நெற்றிமேலேயே இருந்தது. சட்டையைப் பார்த்தார், பின்னைப் பார்த்தார், உதிர்ந்து கிடந்ததையும் பார்த்தார். அவளால் தலையைத் தூக்க முடியவில்லை.

அவர் கிட்டே வந்து சட்டையின் மேலிருந்த மணலைப் புறங்கையால் ஒதுக்கித் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். பின்னை எடுத்துப் போய் நீலக் கோட்டின் வலது பைக்குள் போட்டார்.

“இடது கை பாக்கி இருக்கேம்மா,” என்றார்.

சட்டையின் இடது கையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அயர்ன் பெட்டியை எடுத்தாள்.