கொடியில் கிடந்த லுங்கி

மூன்று நாளாய் அந்த லுங்கி எதிர்வீட்டு மாடிக் கொடியில் கிடக்கிறது, முந்தாநாளே காய்ந்துவிட்டது, நேற்றுத் தூறலில் நனைந்தது, இன்றைக்கு மறுபடி காய்ந்து விறைத்து ஒரு பக்கமாய்ச் சுருண்டு தொங்குகிறது, எடுக்க ஆளில்லை, இந்தக் காலத்து ஆட்களுக்குத் துணியைப் போடத் தெரிகிறது, எடுக்கத் தெரியவில்லை, நாலு பேர் இருக்கிற வீடு, நாலு பேர் கையிலும் போன், கேட்டால் உங்களுக்கு என்ன பெரியவரே என்பார்கள், எனக்கு ஒன்றுமில்லை, என் வீட்டுச் சன்னல் அந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, அவ்வளவுதான், சாத்தினாலும் தெரிகிறது, கண்ணை மூடினாலும் தெரிகிறது, மூடினால் அது பச்சைக் கட்டம் போட்ட லுங்கியாகிவிடுகிறது, பின்னால் பட்டுக்கோட்டைத் தெரு இல்லை, செம்மண் மேடு இருக்கிறது, அதில் பத்துப் பேர் வேலை முடிந்து இறங்கி வருகிறார்கள்.

போன் அடிக்கிறது, மலேசியாவிலிருந்து மகள் சுகந்தி, அவள் அம்மா போய் அஞ்சு வருசமாகிறது, அதிலிருந்து இப்படித்தான் தினமும் கூப்பிடுகிறாள், சாப்டியாப்பா, சாப்ட்டேன், என்ன சாப்ட்ட, சோறுதான், பொய் சொல்லாத, பின்னால் இருக்கிற சட்டியைக் காட்டு என்கிறாள், காலியான சட்டியைக் காட்டுகிறேன், போன மழைக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து ரெண்டு மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன், அதை யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள், அப்போது பிடித்தவள்தான், வயசானவங்களுக்குன்னே ஒரு விசா இருக்குப்பா, ரிட்டயர்மெண்டு விசா, கட்டவேண்டியத நாங்க கட்டிக்கிறோம், நீ வேலை பாக்கவேணாம், யாருக்கும் பயந்து ஒளியவேணாம், என்னோட வந்து ஜம்முனு இரு என்கிறாள், லிஃப்டு உண்டாம், கீழ்த்தளத்திலேயே டாக்டர் உண்டாம், இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருமாம், பேரன் என்னைத் தாத்தா என்று கூப்பிடப் பழகியிருக்கிறானாம், எல்லாம் நல்லதாகத்தான் இருக்கிறது, நல்லதாக இருப்பதை நான் நம்புவதில்லை, நான் எதிலிருந்து ரிட்டயர் ஆனேன், கலவை சுமந்தவன், ஒருநாள் தோள் தூக்கமாட்டேன் என்றது, விட்டுவிட்டேன், அதற்கு ஒரு விசாவா, பாருப்பா இதான் உன் ரூம்பு என்று போனைத் திருப்புகிறாள், கட்டில், வெள்ளைத் திரை, திரைக்கு வெளியே தூரத்தில் ஒரு மேடு, அது அந்த மேடாக இருக்காது, ஊரே வேறு, ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், சிக்னல் போயிட்டும்மா என்று கத்தினேன், அவள் நம்பியிருப்பாள், பாவம், என்னை நம்புகிறவர்கள் எல்லாருமே பாவம்.

திருச்சியில் ஒரு ஓட்டலில் இதற்கென்று கூட்டம் போட்டார்கள், சுகந்தி பேர் கொடுத்துவைத்திருந்தாள், போனேன், ஏசிக் குளிரில் முட்டி கடுத்தது, திரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் புல்தரையில் நின்று பல்லைக் காட்டினார்கள், அவர்களுக்குப் பின்னால் வரிசையாக உயர உயரமாகக் கட்டடங்கள், அந்த மாதிரிக் கட்டடத்துக்குத்தான் நான் கலவை சுமந்தேன், ஒன்றில்கூட லிஃப்டு வைத்த பிறகு கால் வைத்ததில்லை, கழுத்துப்பட்டி கட்டிய பையன் பயன்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லிவிட்டு டவுட்டு உள்ளவங்க கேக்கலாம் என்றான், நான் எழுந்து, தம்பி, முன்னாடி அங்க திருட்டுத்தனமா இருந்தவனுக்கும் குடுப்பீங்களா என்று கேட்டேன், இஸ்திரி போட்ட சட்டைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன, பையன் சிரித்தான், மாட்டியிருக்கீங்களா அங்கிள், இல்ல, பொது மன்னிப்புன்னு விட்டாங்க, அப்ப வந்துட்டேன், அப்படின்னா உங்க ரெக்கார்டு கிளீன் அங்கிள், கவலையே வேணாம் என்றான், கிளீன் என்கிறான், கை தட்டுகிறார்கள், நான் உட்கார்ந்தேன், காது சுட்டது, அந்தக் குளிரிலும் சுட்டது.

அப்போது மலேசியாவில் கொங்சி என்று சொல்வார்கள், தகரமும் பலகையும் வைத்து அடித்த கொட்டகை, அதில் பதினோரு பேர் இருக்கிறோம், சுற்றுலா விசாவில் போய்த் திரும்பாதவர்கள், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி, எல்லாம் நம் பக்கத்து ஆட்கள், தினம் ஒருவன் சமையல், மற்றவர்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் கட்டட வேலை, பொழுது சாய மேடேறி இறங்கி வருவார்கள், சமையல்காரனுக்கு இன்னொரு வேலையும் உண்டு, வாசல் கொடியில் ஒரு லுங்கி எப்போதும் கிடக்கவேண்டும், இமிகிரேசன் வண்டி வந்தால் அதை உருவிவிடவேண்டும், லுங்கி கிடந்தால் இறங்கலாம், இல்லாவிட்டால் அப்படியே திரும்பி எண்ணெய்ப்பனைக் காட்டுக்குள் போய்விடவேண்டும், இந்த ஏற்பாட்டைச் செய்தவன் வைரக்கண்ணு, எங்கள் தெருக்காரன், எனக்கு மச்சான் முறை, லுங்கியும் அவனுடையதுதான், மேட்டுலேர்ந்து பாத்தா சிமெண்டு வண்டியும் போலீசு வண்டியும் ஒண்ணாத்தான்டா தெரியும், கண்ண நம்பாதீங்க, லுங்கிய நம்புங்க என்பான்.

அன்றைக்கு என் முறை, கருவாடு வதங்கிக்கொண்டிருக்கிறது, கதவு இடுக்கில் பார்க்கிறேன், வண்டி வளைவில் திரும்புகிறது, நேரம் இருந்தது, இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், இருந்தது, கொடி பத்துத் தப்படி, ஆனால் அந்தப் பத்தும் வண்டியைப் பார்த்துப் போகிற பத்து, உள்ளே கட்டிலுக்கு அடியில் என் பை, பைக்குள் பாஸ்போர்ட், அதோடு ஒரு சோடி ஷூ, சுகந்திக்கு அப்போது எட்டு வயசு, நடந்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு எரிகிற ஷூ கேட்டிருந்தாள், வாங்கிவைத்திருந்தேன், லுங்கியா பையா, ஒன்றைத்தான் எடுக்க முடியும், பையை எடுத்தேன், பின்பக்கப் பலகையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன், பனைக் காட்டுக்குள் இருட்டுக் கட்டிவிட்டது, ஓட ஓடப் பை இடுப்பில் மோதுகிறது, மோதும்போதெல்லாம் பைக்குள் சிவப்பாய் மினுக்கு மினுக்கென்று எரிகிறது, அணைக்கத் தெரியவில்லை, வயிற்றோடு அழுத்திக்கொண்டு குப்புறப் படுத்துக்கொண்டேன், அப்படியே திரும்பிப் பார்த்தேன், லுங்கி கொடியில் கிடக்கிறது, மேட்டில் பத்துத் தலைகள், முதல் தலை வைரக்கண்ணு, ஒரு நொடி நின்றான், பிறகு இறங்கினான், நான் கத்தவில்லை, கத்தியிருந்தால் கேட்டிருக்கும், கத்தவில்லை.

ரெண்டு மாதத்தில் பொது மன்னிப்பு வந்தது, நான் ஊர் வந்தேன், சுகந்தி அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் குதித்தாள், வைரக்கண்ணு ஏழு மாதம் கழித்து வந்தான், சிறையும் பிரம்படியும் வாங்கி வந்தான், திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவந்த காரில் ஒரு பக்க இடுப்பிலேயே உட்கார்ந்திருந்தான், இன்றைக்கும் அப்படித்தான் உட்காருகிறான், நான் லுங்கிய உருவிட்டேன்டா மச்சான், எவனோ திரும்பப் போட்டிருக்கான் என்றேன், அவன் கேட்காமலே சொன்னேன், சரி என்றான், மற்றவர்களுக்கும் அதையே சொன்னேன், சொல்லிச் சொல்லி அந்த எவனோவுக்கு ஒரு முகம்கூட வந்துவிட்டது.

இந்த விசாவுக்கு நன்னடத்தைச் சான்று வேண்டுமாம், போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், தெருக்காரர் ரெண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும், சுகந்தி அங்கிருந்தே கம்ப்யூட்டரில் மனு போட்டபோது ஒரு பேர் மளிகைக் கடைக்காரர், இன்னொரு பேர் வைரக்கண்ணு மாமா என்று கொடுத்திருக்கிறாள், அவளுக்கு என்ன தெரியும், போன புதன்கிழமை போலீஸ்காரர் வந்தார், அவனைக் கூப்பிட்டார், வந்தான், இவர் எப்படிங்க, நல்லவர்தானா, ஏதும் குத்தம் கேசு உண்டா, இவனா சார், எறும்ப மிதிக்கக்கூடப் பயப்படுவான் என்றான் வைரக்கண்ணு, போலீஸ்காரர் சிரித்தார், அவன் நாற்காலியில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, எழுத்துக் கூட்டி, கையெழுத்துப் போட்டான், நான் காப்பித் தம்ளர்களைக் கழுவப்போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன், கழுவின தம்ளர்களையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

சான்று வந்துவிட்டது, திருச்சியில் போய் விரல் ரேகை வைத்தால் முடிந்தது என்று சுகந்தி சொன்னாள், இன்று காலை கிளம்பினேன், பஸ் ஸ்டாண்டு வாசலில் வைரக்கண்ணு டூவீலர் ஸ்டாண்டு வைத்திருக்கிறான், என் மொபெட்டை அங்கேதான் விடுவேன், டோக்கனை நீட்டினான், வாங்காமல் நின்றேன், என்னடா, பஸ்சு உறுமுது, போ என்றான், மச்சான், அன்னைக்கு லுங்கிய நான் எடுக்கல, எந்த லுங்கி என்று அவன் கேட்கவில்லை, தெரியும் என்றான், எவனும் திரும்பப் போடல, நேரம் இருந்துச்சு, பைய எடுக்கப் போயிட்டேன், அதான் தெரியும்ங்குறேன்ல, மேட்டுலேர்ந்து வண்டியப் பாத்தேன்டா, மேல வெளக்கு வச்ச வண்டி, நல்லாத் தெரிஞ்சுது, லுங்கியும் கெடந்துச்சு, நீ எடுக்கலயே, அப்ப அது வேற வண்டியாத்தான் இருக்கும்னு எறங்குனேன், அவ்வளவுதான்.

அப்பறம் எதுக்குடா கையெழுத்துப் போட்ட என்றேன், நல்லவனான்னுதான போலீசு கேட்டான், லுங்கிய எடுத்தானான்னா கேட்டான் என்றான், இத்தன வருசத்துல ஒரு வார்த்த என்னயக் கேட்டிருக்கலாம்ல, கேட்டா நீ வண்டிய வேற ஸ்டாண்டுல போடுவ, டெய்லி வர்ற பத்து ரூவா எனக்குப் போயிடும் என்று சிரித்தான், போடா, புள்ள ஆசையாக் கூப்புடுது, போய் லிஃப்டுல ஏறி எறங்கு, நான்தான் அந்த நாட்டுப் பக்கமே தலைகாட்ட முடியாது, நீயாச்சும் நேர் வாசல் வழியாப் போ என்றான், அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் அவன் சிரிக்காமல் சொன்னான், நான் போவல என்றேன், எதுக்கு, லிஃப்டு எனக்கு ஒத்துக்காது, கிறுக்கா என்றான்.

அவன் தகரக் கொட்டகைக்குப் பின்னால் கொடி, கொடியில் அவன் லுங்கி, நீலம், எண்ணிக்கொண்டே நடந்தேன், பதினாலு தப்படி இருந்தது, அன்றைக்கு இருந்ததைவிட நாலு கூடுதல், முட்டிவலியோடு, ஒரு வண்டியும் எதிரில் வராமல், லுங்கியை உருவினேன், நாலாய் மடித்தேன், கொண்டுவந்து இந்தா என்று கொடுத்தேன், அவன் தடவிப் பார்த்தான், இன்னும் காயலடா, இப்பதான தொவச்சுப் போட்டேன், இப்ப என்ன அவசரம் ஒனக்கு, கொண்டுபோய்ப் போடு என்றான், கொண்டுபோய்ப் போட்டேன், நுனிகளை இழுத்து நேராக்கிவிட்டேன், திருச்சி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு வெளியே போனது, வைரக்கண்ணு அதைக் கைகாட்டி நிறுத்தப் பார்த்தான், நான் திரும்பிப் பார்க்கவில்லை, மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடக்கிறேன், பத்து ரூபாய்க்கு யாரும் யாரையும் மன்னிப்பதில்லை, அவன் சொன்னதை நான் நம்பவில்லை, சுகந்திக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, இந்தத் தடவை சிக்னல் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், லுங்கி காயவில்லை என்றானே அதையும் நான் நம்பவில்லை, என் கைக்குக் காய்ந்த மாதிரித்தான் இருந்தது, சாயங்காலம் போய்த் தொட்டுப் பார்க்கவேண்டும்.