நாக்கு அக்காவின் கையெழுத்து

தொழிற்சாலையில் செய்து வந்த கோப்பைகளில் பத்துக்கு ஒன்றாக எடுத்து வரிசையில் வைத்து, வெந்நீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள் நாக்கு அக்கா. விளிம்புக்குக் கீழே ஓடும் நிறம் மாறும் பட்டை சிவப்பாக இருந்தால் சூடு. நீலமானால் தைரியமாகக் குடிக்கலாம். நீலமானதும் ஒரு வாய் குடித்துப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுவாள். எட்டு வருஷமாக அதுதான் வேலை. வெப்பமானி வாங்கலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. அக்காவுக்குத்தான் நாக்கு இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

அன்று மூன்றாவது கோப்பையில் நாக்கு பொத்துப்போனது. நான்காவதிலும் அதே கதை. புதுச் சாயம் வந்ததிலிருந்து பட்டைக்கு ரொம்ப அவசரம், சூடு ஆறுமுன்பே நீலமாகிவிடுகிறது. நோட்டில் ‘சூடு’ என்று எழுதி, கையெழுத்துப் போடாமல் மூடினாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் பெட்டிகள் வாசலைத் தாண்டாது. பாலர் பள்ளிகளுக்குப் போகவேண்டிய பெட்டிகள். வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது.

மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். இது வெறும் கோப்பை இல்லை, மனித குலத்துக்கு நம் நிறுவனத்தின் கொடை என்று தொடங்கி, விஞ்ஞானம் பொய் சொல்லாது, எட்டு வருஷத்தில் நாக்குதான் தேய்ந்திருக்கும் என்று முடித்தார். தேய்ந்த நாக்குக்குச் சூடு உறைக்காதே என்று பின்னால் யாரோ முணுமுணுக்க, இரண்டு பேர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்கள்.

"கையெழுத்த போடும்மா. இல்லன்னா இந்த நாற்காலி உனக்கில்ல."

புதிதாக வெந்நீர் ஊற்றி, அப்போதுதான் நீலமாகியிருந்த ஒரு கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். புண்பட்ட நாக்கில் பேச்சு குழறியது.

"ஒரு வாய் குடிங்க சார். அப்புறம் போடறேன்."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்ததால் எடுத்தார். உதட்டருகே கொண்டுபோனவர், மூன்று முறை ஊதினார்.

"நீலமா இருக்கறத எதுக்கு சார் ஊதறீங்க?"

மேலாளருக்குச் சட்டென்று ஏதோ ஃபோன் பேச வேண்டியிருந்தது.

அரை மணியில் உத்தரவு வந்தது. நோட்டில் மேலாளரே கையெழுத்துப் போட்டார், லாரி கிளம்பியது. அக்காவைப் பெட்டி கட்டும் அறைக்கு அனுப்பி, பெட்டிகளில் ஒட்டச் சொல்லி கையில் ஒரு சுருள் ஸ்டிக்கரைக் கொடுத்தார்கள். ‘அனுபவமுள்ள நாவால் சோதித்தது’ என்று ஒவ்வொன்றிலும் அச்சடித்திருந்தது. அவள் ஒன்றையும் உரிக்கவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அவள் நாற்காலியில் புதிதாக ஒரு பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். பட்டை நீலமானது. அந்தப் பெண் நோட்டைத் திறந்து வைத்துவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினாள். அக்கா சுருளைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடியை ஓங்கித் தட்டத் தொடங்கினாள்.