கொக்கி தொங்கும்போது கூப்பிடும் முறை

1

மொழியின் வரலாறு ஒரு நாள் காலையோடு இரண்டாகப் பிளந்துவிட்டது. இனி எல்லாமே சுற்றறிக்கைக்கு முன், சுற்றறிக்கைக்குப் பின். கல்வெட்டு வெட்டுகிறவர்கள் உளியைத் தீட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கதையின் பூர்வீகமே அந்தச் சுற்றறிக்கைதான். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த வேலைத்தளத்தின் வாசலில் ஒட்டியிருந்தது. நிழலுக்கு ஒதுங்கிய நான் அதைப் படித்துத் தொலைத்தேன். "இனி நிறுவனத்தாரின் எழுத்திலும் பேச்சிலும் ஆண், பெண் என்ற பாகுபாடு இருக்கலாகாது" என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடியது. நல்ல நோக்கம். அதோடு எனக்குச் சண்டையில்லை. அதைத் தயாரித்த குழுவில்தான் ஒரு பெண்கூட இல்லை. பெண்களைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பெண்கள் இருந்தால் சங்கடம் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

குழுத் தலைவர் ஒரு நிர்வாக அதிகாரி. தளத்தில் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்றே பெயர். தும்மினாலும் நகல் எடுத்து ஒட்டிவிட்டுத்தான் மூக்கைத் துடைப்பார்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

"கிரேன் ஓட்டுநர் மீசையை முறுக்கிக்கொண்டு ஏணியில்—"

வேண்டாம். இந்த ஓட்டுநருக்கு மீசை கிடையாது. இவர் பெண்.

இரண்டாம் முயற்சி:

"பூப்போன்ற விரல்களால் அந்தப் பாவை இரண்டு டன் இரும்பை—"

[இதை எழுதிய பேனாவைப் பட்டினி போட்டேன்.]

மூன்றாம் முயற்சி: "அவள் ஏணியில் ஏறினாள்."

பரவாயில்லை, கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அடுத்த ஷிப்டுக்கு வரும் ஆண் ஓட்டுநரை இதே தாளில் "அவர் ஏறினார்" என்றல்லவா எழுதி வைத்திருக்கிறேன்? அதே ஏணி, அதே உயரம், அதே முழங்கால் வலி. அவருக்கு மரியாதை கேட்காமலே வருகிறது. இவருக்குக் கை தானாகவே ஒரு படி இறங்கிவிடுகிறது. கைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது பழக்கத்திலேயே படித்துக்கொண்ட கை.

ஆகவே: அவர் ஏணியில் ஏறினார்.

கதை இங்கேதான் தொடங்குகிறது. மேலே உள்ளதெல்லாம் நான் செருப்பைக் கழற்றிய நேரம்.

3

தளத்தில் ஒரு வழக்கம். கிரேன் உச்சியிலுள்ள கேபினில் எவர் உட்கார்ந்திருந்தாலும் கீழிருந்து வாக்கி-டாக்கியில் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணே, தூக்கு." "அண்ணே, இறக்கு." வயதில் இளையவர் என்றாலும் மேலே ஏறிவிட்டால் அண்ணன்தான். 'உன்னைத்தான், கவனி' என்று பொருள். அதன் பிறகே உத்தரவு வரும்.

கீழே நின்று கிரேனுக்கு வழி சொல்பவருக்கு 'விசில்' என்று பட்டப்பெயர். தங்கமான மனிதர். ஓட்டுநர் கேபினில் உட்கார்ந்த முதல் நாளே அந்தத் தங்கத்தின் நாக்கு சிக்கிக்கொண்டது.

"அண்ணே... ஐயையோ, அக்கா... இல்ல, மேடம்... ஏம்மா, நீ என்னைவிடச் சின்னவளா, பெரியவளா?"

"எனக்கு நாப்பத்தொண்ணு. பாரம் தொங்குது."

"அப்ப தங்கச்சி. தங்கச்சி, இறக்கும்மா."

ஒவ்வொரு தூக்குக்கும் இந்த உறவுமுறை ஆராய்ச்சி நடந்தது. கல்யாணத் தரகர்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார். தள மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "லேடி உக்காந்தா வேலை இழுக்குதே" என்றார். இழுத்தது கீழே, பழி விழுந்தது மேலே.

ஓட்டுநருக்கு இது சோதனை மாதம். முடிவில் மேலாளர் தலையாட்டினால் கேபின் நிரந்தரம். ஆட்டாவிட்டால் பழையபடி கிடங்கில் உட்கார்ந்து தலைக்கவசம் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். கிடங்கின் சன்னல் வழியே அந்தக் கிரேனைப் பார்த்துப் பார்த்தே படித்து உரிமம் வாங்கியவர் அவர்.

அவர் கணவர் பேருந்து ஓட்டுபவர். வீட்டு மாடியில் போர்வை காயப் போடும்போது கேட்டார்:

"என்னை டிரைவர்ங்கறாங்க. உன்னை லேடி டிரைவர்ங்கறாங்க. என்னை ஒருத்தனும் ஆம்பளை டிரைவர்னு சொன்னதில்லையே?"

"சொன்னா பஸ்ஸு கவுந்துடும். அந்த முனையைப் பிடிங்க."

[இந்த இடத்தில் ஓட்டுநர் பேசுவதாக ஒரு வீரவசனம் எழுதியிருந்தேன். விண், சிறகு, விடியல் எல்லாம் வரிசையாக வந்தன. அவர் பேச மறுத்துவிட்டார். போர்வை காய வேண்டுமாம்.]

4

சோதனை மாதத்தின் கடைசி நாள், சுற்றறிக்கை நேரிலேயே எழுந்தருளினார். ஓட்டுநரை விளிக்கும் புதிய முறையைத் தாமே தொடங்கிவைப்பதாகச் சொல்லி விசிலின் கையிலிருந்த வாக்கி-டாக்கியை வாங்கிக்கொண்டார். மேலாளரும் பக்கத்தில் நின்றார்.

மேலே ஒரு கம்பிக்கட்டு திரும்பிக்கொண்டிருந்தது. அது போகும் வழியில் சாரத்தின் மீது ஆணும் பெண்ணுமாகச் சிலர் நின்று வேலை செய்தார்கள். கேபினிலிருந்து அந்த மூலை தெரியாது. கீழிருந்து வரும் குரல்தான் ஓட்டுநருக்குக் கண்.

"மாண்பமை பாரந்தூக்கி இயக்குநர் அவர்களே," என்று தொண்டையைச் செருமினார் சுற்றறிக்கை, "பாலின வேறுபாடின்றித் தங்களை விளித்து மகிழும் இவ்வேளையில், தாங்கள் தங்கள் பாரத்தை—"

"நிறுத்தணுமா, திருப்பணுமா?" என்று மேலிருந்து கரகரத்தது.

"—தயைகூர்ந்து—"

குரல் தெளியாவிட்டால் நிறுத்து என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். ஓட்டுநர் நிறுத்தினார். கம்பிக்கட்டு சாரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஊசலாடியது. சாரத்தில் நின்றவர்கள் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டார்கள்.

"வாக்கியை விசில் அண்ணன்கிட்ட குடுங்க. இப்பவே."

சுற்றறிக்கை கொடுத்தார். நகல் எடுக்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"விசில் அண்ணே, கேக்குதா? எனக்கு அண்ணேயும் வேணாம், தங்கச்சியும் வேணாம். கேபின்னு கூப்பிடுங்க. உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு கொக்கிக்குத் தெரிய வேண்டாம்."

"உறவு விட்டுப்போயிடுமேம்மா?"

"டீ குடிக்கறப்ப சொந்தம் கொண்டாடலாம். இப்ப வழி சொல்லுங்க."

விசில் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "கேபின், இடது. மெதுவா. கேபின், நிறுத்து. கேபின், இறக்கு."

பூனை கால் வைப்பதுபோல் கம்பிக்கட்டு தளத்தில் அமர்ந்தது.

[முதல் பிரதியில் 'கேபின்' இல்லை. 'மேல' என்று கூப்பிடுவதாக எழுதி அவரிடமே படித்துக் காட்டினேன். "மேலன்னா நான் தூக்கிடுவேனே, எழுதறவங்களே" என்றார். அடித்துவிட்டேன்.]

பொழுது சாய்வதற்குள் அன்றைய இரும்பு மொத்தமும் ஏறிவிட்டது. அடுத்து ஏறிய ஆண் ஓட்டுநரையும் விசில் 'கேபின்' என்றே கூப்பிட்டார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு, வயசைக் கூட்டாம" என்றார் அவர்.

ஏணியிலிருந்து இறங்கி நடந்த நம் ஓட்டுநரின் முதுகில் ஒரு நிமிர்வு. உவமை தேடிப் பார்த்தேன். கிரேனைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை.

5

முடிவு அ: விழா. சுற்றறிக்கை கேடயம் நீட்டி, "பெண்குலத்தின் பெருமையே" என்று தொடங்குகிறார். ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப்—

முடிவு ஆ: 'கேபின்' என்னும் விளியைக் கண்டுபிடித்தவர் என்று தம் பெயரைப் போட்டுச் சுற்றறிக்கை அடுத்த சுற்றறிக்கையை வெளியிடுகிறார். [நம்பத்தகுந்தது இதுதான். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.]

முடிவு இ: மேலாளர் "அந்த லேடி..." என்று தொடங்கி, வாயை மூடி, யோசித்து, "நம்ம ஓட்டுநர்" என்று—

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே ஒன்று எழுதிச் சேர்த்தாலும் சரி. ஒன்றை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்: மேலாளர் தலையாட்டிவிட்டார், கேபின் அவருடையது. எழுதிய கதைகளில் இவ்வளவு நெஞ்சை நிமிர்த்தி நான் முற்றுப்புள்ளி வைத்தது வேறெதற்கும் இல்லை.

மறுநாள் காற்று பலமாக அடித்ததால் கிரேன் ஓடவில்லை.