கடுக்காய்ப் பொடிக்கு ஒரு விளக்கக் கடிதம்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கியில் பாஸ்புக் பதியும் வரிசையில் நின்றபோது பெரியநாயகியிடம் அகப்பட்டுக்கொண்டேன். (அவர்தான் என்னிடம் அகப்பட்டார் என்று முதலில் எழுதியிருந்தேன். பொய்.)

கல்வராயன் மலைக் கடுக்காயை வாங்கி, உலர்த்தி, பொடித்து ஏற்றுமதி செய்கிறவர் அவர். ஜெர்மனியில் துணிக்குச் சாயமேற்றும் சின்னப் பட்டறை ஒன்று ஒரு டன் வாங்கி, நாலாயிரம் யூரோ அனுப்பிவிட்டது. ஆனால் பணம் இங்கே வந்து சேரவில்லை. நடுவழியில் ஏதோ ஒரு நாட்டு வங்கி அதை இருபத்திரண்டு நாளாகப் பிடித்துவைத்துக்கொண்டு, ஒரே கேள்வி கேட்டது: ‘இது என்ன பொடி?’

2.

“சார், நீங்க கதை எழுதுறவராமே? இந்தப் பொடி இன்னான்னு இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் குடுங்க.”

எழுதினேன். தமிழில் சொல்லச் சொன்னார். “மேகங்கள் தவழும் மலைச்சரிவில், யுகயுகமாய்க் காற்றோடு பேசிக்கொண்டிருக்கும்...”

“மேகத்த எதுக்கு சார் இழுக்குறீங்க? அதுக்கும் சேத்து விளக்கம் கேப்பான்.”

(இந்தக் கதையும் முதலில் அந்த மேகத்தோடுதான் தொடங்கியது.)

3.

செல்லன் என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். மலைமேல் கரியாலூரில் ஆறு குடும்பங்கள் பொறுக்கிய கடுக்காயைச் சேர்த்துக் கொடுத்தவர். ‘குழிவிழுந்த கண்களோடு, பேச வார்த்தையின்றி...’ என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். நிஜச் செல்லனுக்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது. அன்று வங்கிக்கே வந்துவிட்டார்.

“ஆறு வூட்டுக்கும் நான்தாம்மா பதில் சொல்லிக்கினு கெடக்கறேன். மீதிப் பணம் தரலன்னா அடுத்த காய் வேற யாவாரிக்குத்தான்.”

“கம்மல அடகு வெச்சு பாதி குடுத்தேனேண்ணே.”

“அதனாலதான் பாதிக் கோவத்தோட பேசறேன்.”

பெரியநாயகி சிரிக்கவில்லை. வெறும் காதைத் தடவிக்கொண்டு, “நாலே நாளு பொறுத்துக்கோண்ணே” என்றார். அந்தப் பொடிக்கு மலையை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

4.

கடைசியில் போன கடிதம் இவ்வளவுதான்: ‘இது ஒரு மரத்தின் காய். உலர்த்தி இடித்தது. துணியில் சாயம் நிலைக்க உதவும். போதை தராது. வெடிக்காது.’

முப்பது வருடமாக எழுதுகிறேன். நாலே நாளில் பலன் தந்த என் ஒரே படைப்பு அதுதான்.*

* பணத்தை விடுவிக்கும்போது அந்த நடுவழி வங்கி இருபது யூரோவைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டது. என் எழுத்தில் ஒருவர் காசு பார்த்ததும் அதுதான் முதல்முறை.

5.

பணம் வந்த அன்று செல்லனும் மலையிறங்கி வந்திருந்தார். வங்கி அதிகாரி பொன்னுரங்கம் கேட்டார்: “இப்பவே ரூபாயா மாத்தட்டுமா, யூரோவாவே கணக்குல வெக்கட்டுமா? வெல ஏறிக்கினு இருக்கு. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் வெக்கலாம்.”

பெரியநாயகி யோசிப்பதற்குள் செல்லன் முந்திக்கொண்டார். “ஏறுதுன்னா என் பங்கையும் அங்கயே வெய்ம்மா.”

“எறங்கிட்டா?”

“எறங்குனா இன்னைய வெல குடு. ஏறுனா அன்னைய வெல குடு.”

பொன்னுரங்கம் சிரித்துவிட்டார். “பெரியவரே, இந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு பேங்க்ல தனியா காசு வாங்குவோம்.”

“அப்ப நல்ல யோசனதான்னு சொல்லுங்க.”

பெரியநாயகி கணினித் திரையில் இருந்த யூரோ விலையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “முழுசும் மாத்திடுங்க சார். ஏறுனா ஏறட்டும். இருவத்தாறு நாளு எவனோ என் பணத்த வெச்சிக்கினு கேள்வி கேட்டான். இனிமே ஒரு நாளு கூட அது அந்தரத்துல நிக்க வேணாம்.”

அங்கேயே செல்லனுக்கு மீதி முழுவதும் கைமாறியது. கம்மல் மறுநாள் காதுக்குத் திரும்பியது.

6.

யூரோ ஏறி அவர் வருந்தியதாக ஒரு முடிவு எழுதினேன். இறங்கி, அவர் கெட்டிக்காரி ஆனதாக இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். விலையை அதன்பின் அவர் பார்க்கவேயில்லை.

ஆனால் வங்கி வாசலில் செல்லன் விடவில்லை. “அடுத்த லோடுக்காவது நான் சொன்ன மாதிரி ஒத்துக்கிறியாம்மா? யாவாரி பக்கமே போவ மாட்டேன்.”

பெரியநாயகி என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவர் இடத்தில் நீங்கள் நின்று சொல்லுங்கள். யூரோ ஏறினால் லாபம் செல்லனுக்கு, இறங்கினால் நஷ்டம் உங்களுக்கு. கொஞ்சம் சீக்கிரம், கரியாலூர் பஸ் நாலரைக்கு.