நாற்பத்தாறாம் சங்கீதமும் ஒரு லாரியும்

ஞானகுமாரி யோசித்துப் பொருத்தனை செய்யவில்லை. சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று திருநின்றவூர் ஸ்டேஷனில் யாரோ பேப்பரை உரக்க வாசித்தார்கள். அவள் அங்கிருந்து நேரே கோயிலுக்கு நடந்தாள். கோயில் என்றால் ஓடு வேய்ந்த ஒரு கூடம், நாலு பெஞ்சு, ஒரு ஆர்மோனியம். அவள் புருஷன் கிறிஸ்துதாஸ் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டு அந்தச் சிங்கப்பூரில்தான் இருந்தான். கடைசிக் கடுதாசி ஜனவரியில் வந்தது.

போதகர் ஜன்னலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"பொருத்தனை பண்ணணும் ஐயா."

"கோழியா, பூசணிக்காயா?"

"கோழி இல்ல. நாப்பத்தாறாம் சங்கீதத்தைப் பாட்டாக்கி சபையில பாடறேன். ஒரு சொல்லும் விட மாட்டேன். அவரு திரும்பி வரணும்."

மலைகள் கடலில் விழுந்தாலும் பயப்படோம் என்று அந்தச் சங்கீதத்தில் வரும். கடலையும் கலகத்தையும் சேர்த்துச் சொல்லும் வேறு சங்கீதம் அவள் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான் காரணம். ஏற்கெனவே இரண்டு பாட்டுக் கட்டியிருக்கிறாள். பெண்கள் கூட்டத்தில் பாடுவார்கள். கிறிஸ்துதாஸ் அதைக் கேட்டுவிட்டு, "காக்கா வெரட்டறதுக்கு ஆவும்" என்று சொன்னான். அப்படிப்பட்டவன் திரும்பி வர அவள் பாட்டுத்தான் கட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. சங்கீதம் என்று பேர், உள்ளே இருப்பது வசனம். மற்றவர்கள் கீர்த்தனை கட்டும்போது வசனத்தை உடைத்து, எதுகை பார்த்து, தாளத்துக்கு மிஞ்சினதை வெட்டிப் போடுவார்கள். அவள் வெட்ட முடியாது. ஒரு சொல்லும் விட மாட்டேன் என்று வாயால் சொல்லியாகிவிட்டது, அதற்குப் போதகர் சாட்சி.

ஆர்மோனியம் வாசிக்கிற செபாஸ்டியனிடம் பாடிக் காட்டினாள். அவன் கத்தோலிக்கன். ஆவடியில் தன் பூசையை முடித்துவிட்டு சைக்கிளில் வந்து இந்தச் சபைக்கு வாசித்துவிட்டுப் போவான்.

"யக்கா, இது பாட்டா, ரிஜிஸ்டர் ஆபீசு பத்திரமா? மேற்படி நெலத்துக்குக் கெழக்கால, மேற்படி கெணத்துக்கு மேக்காலன்னு போய்க்கினே கீது. எங்க மூச்சு உடுவே?"

மூச்சு விட இடம் பத்து நாள் கழித்துக் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் வீரராகவனும் அவன் தம்பியும் கத்தரித் தோட்டத்துக்கு ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றப் பாட்டில் ஒரு வசதி உண்டு. சால் மேலே வருகிற வரைக்கும் எத்தனை சொல் வேண்டுமானாலும் போட்டு இழுக்கலாம். சால் கவிழ்ந்து தண்ணீர் கொட்டும்போது மட்டும் வாய் நிற்கும். அந்த மெட்டில் வசனத்தை வைத்துப் பார்த்தாள். நீளமான வசனமும் உட்கார்ந்தது, குட்டையான வசனமும் உட்கார்ந்தது. செபாஸ்டியன்கூட, "ஏத்தம் மாரி கீது. ஆனா நல்லா கீது" என்றான்.

அப்போதுதான் சேலா வந்து குறுக்கே நின்றது.

மூன்றாம் வசனத்தின் முடிவில் தனியாகச் சேலா என்று அச்சாகியிருந்தது. ஏழாம் வசனத்தின் முடிவில் சேலா. பதினொன்றின் முடிவில் இன்னொரு சேலா. இத்தனை வருஷமும் சபையில் சங்கீதம் வாசித்தவர்கள் யாரும் அதை வாய்விட்டு வாசித்ததில்லை, அவளும் வாசித்ததில்லை. அது சொல்லா? சொல் என்றால் பாட வேண்டும். சொல் இல்லையென்றால் வேதத்தில் எதற்கு அச்சடித்திருக்கிறார்கள்?

போதகரிடம் கேட்டாள்.

"அது எபிரேயச் சொல்லும்மா. அர்த்தம் சரியாத் தெரியாது."

"யாருக்குத் தெரியாது? நமக்கா?"

"யாருக்குமே. சில பேரு, இங்க நிறுத்தி மௌனமா இருன்னு அர்த்தம் சொல்றாங்க. சில பேரு, இங்க சத்தத்தை ஒசத்துன்னு சொல்றாங்க."

"ரெண்டும் எப்பிடி ஐயா ஒண்ணாவும்? வாய மூடுன்னு அர்த்தமா, கத்துன்னு அர்த்தமா?"

போதகர் கண்ணாடியைத் துடைத்தார். "விட்டுட்டுப் பாடும்மா. எல்லாரும் விட்டுட்டுத்தான் வாசிக்கிறோம்."

எல்லோரும் பொருத்தனை செய்யவில்லை. இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று திரும்பிவிட்டாள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் இவள் கிணற்றடியில் சேலா சேலா என்று பலவிதமாக இழுத்துப் பார்ப்பதைக் கேட்டுவிட்டு, "யாருடி அந்த சேலா? உம் புருசன் அங்க எவளையாவது சேத்துக்கினானா?" என்று விசாரித்தாள். ஞானகுமாரிக்கு ஒரு கணம் அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. பட்டாளத்துக்குப் போனவனைப் பற்றி எதை நிச்சயமாகச் சொல்ல முடியும்? உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியவில்லை. பட்டாள ஆபீசுக்கு இரண்டு முறை எழுதிப் போட்டதற்கு, செய்தி ஏதும் இல்லை என்று இரண்டு முறை ஒரே பதில் வந்தது. காலையில் தலை வாரும்போது கனகாம்பரத்தை எடுத்து, வைப்பதா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

சேலாவைப் பாடிவிடுவது என்று முடிவு செய்தாள். சால் கவிழ்கிற இடத்தில் அது சரியாக விழுந்தது. சத்தமா மௌனமா என்ற சந்தேகம் தீரவில்லை. மெல்லப் பாடினால் இரண்டுக்கும் நடுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாடுவது மே மாதம் இரண்டாம் ஞாயிறு என்று ஏற்பாடு. முந்தின நாள் மாமியார் பொன்னியம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டே பாட்டு முழுவதையும் கேட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. கேட்டது மறக்காது.

"அந்த வில்ல ஒடிக்கிறாரு, ஈட்டிய முறிக்கிறாருன்னு வருதே. அதுக்கப்பால இன்னாவோ ரதமுன்னியே. இன்னா அது?"

"இரதங்கள எரிக்கிறாரு அத்தே. ஆண்டவரு சண்டைய நிறுத்தறாரு."

"ரதமுன்னா?"

"தேரு. வண்டி."

"இன்னா வண்டி?"

"சண்டைக்குப் போற வண்டி."

பொன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "எம்புள்ள ஓட்டனது இன்னாடி, பால் வண்டியா?"

ஞானகுமாரி மூன்று மாதமாக அந்த வரியை நூறு தடவை பாடியிருக்கிறாள். ஒரு தடவைகூட அது தோன்றவில்லை.

"எதிரி வண்டியத்தான் எரிப்பாரு."

"எதிரி வண்டின்னு எழுதிக்கீதா?"

"இல்ல."

"அப்ப எரிக்கிறவருக்கு எது யாரு வண்டின்னு எப்பிடித் தெரியும்? நீயே போய் நின்னு, எரி எரின்னு பாடப்போற. அந்த வரிய உட்டுடு."

"உட முடியாது. ஒரு சொல்லும் உட மாட்டேன்னு சொல்லிக்கீறேன்."

"எந்த மடச்சி அப்பிடி சொல்லுவா?"

ஞானகுமாரி அன்று சாயங்காலம் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை நாலு தடவை வாசித்தாள். விட்டால் பொருத்தனை கெட்டுவிடும், அவன் வர மாட்டான். பாடினால் அவன் உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு அவளே நெருப்பு கேட்கிறாள். சேலாவுக்காவது இரண்டு அர்த்தம் இருந்தது, எதையாவது எடுத்துக்கொள்ளலாம். இரதத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

ஞாயிறன்று கோயில் நிறைந்திருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்திலிருந்து ஓடிவந்து திருநின்றவூரில் வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. ஊர்க்காரர்கள் வழக்கம்போலப் பாயில். ஞானகுமாரி பழக்கி வைத்திருந்த நாலு பெண்கள் அவள் பின்னால் நின்றார்கள். பொன்னியம்மா முதல் பாயில் கால் நீட்டி உட்கார்ந்து மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சேலா வந்தது. மெல்லப் பாடினாள். பெஞ்சில் இருந்த ஒரு கோட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது சேலாவில் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள். பின்னால் இருந்த நாலு பேரும் அவளைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து பாதிச் சபை ஆமென் சொல்லிவிட்டது. இதோ ஒரு சொல் போயிற்று என்று நினைத்தாள். பிறகு, மௌனம்தான் அர்த்தம் என்றால் அது போகவில்லை என்றும் தோன்றியது. இரண்டில் எது என்று முடிவதற்குள் செபாஸ்டியன் அடுத்த வசனத்துக்கு ஆர்மோனியத்தைத் தள்ளிவிட்டான்.

வில் ஒடிந்தது. ஈட்டி முறிந்தது. இரதங்கள் வந்தன.

அவள் பாடினாள். ஒரு சொல்லும் விடாமல் பாடினாள். சால் கவிழ வேண்டிய இடத்தில் நாலு பெண்களும் நிறுத்தினார்கள். ஞானகுமாரி நிறுத்தவில்லை. அதே மெட்டில், அதே இழுப்பில், கோயில் முழுக்கக் கேட்கும்படி அவள் வாயிலிருந்து வந்தது:

"எங்க ஊட்டுக்காரரு லாரியத் தவிர."

ஆர்மோனியம் ஒரு கட்டையிலேயே நின்று முனகியது. பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. பாயில் யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சபையில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடு இன்னும் இரண்டு இருந்தது. அதில் ஒருத்தி எழுந்து, "என் தம்பியும் லாரிதான். அவனையும் சேத்துக்க" என்றாள். போதகர் கையைத் தூக்கினார், எதற்கு என்று அவருக்கே தெரியாததுபோல இறக்கிவிட்டார். ஞானகுமாரி மிச்ச வசனங்களைப் பாடி முடித்தாள். கடைசி சேலாவை உரக்கவே பாடினாள். மூன்றையும் மூன்று விதமாகச் செய்தாகிவிட்டது, ஏதாவது ஒன்று சரியாக இருக்கும்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவளை வாசலில் நிறுத்தினார்.

"என்னம்மா செஞ்சே? வேத வசனத்துல லாரியா?"

"உட மாட்டேன்னுதான் சொன்னேன் ஐயா. சேக்க மாட்டேன்னு சொல்லலியே."

"வேதத்தோட கடைசிப் பக்கத்தைப் படிச்சதில்லையா நீ? கூட ஒரு வார்த்தை சேத்தா வாதை வரும்னு எழுதியிருக்கு."

ஞானகுமாரிக்கு அது தெரியும். பாடும்போது நினைவு வரவில்லை. பொன்னியம்மா பக்கத்தில் வந்து நின்று, செருப்பைத் தேடுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாதை யாருக்கு வரும் ஐயா? சேத்தவளுக்கா, லாரில கீறவருக்கா?"

போதகர் கொஞ்சம் தயங்கினார். "சேத்தவங்களுக்குத்தான்."

"நல்லாத் தெரியுமா? சேலா மாரி ரெண்டு அர்த்தம் எதுவும் இல்லியே?"

"இல்லம்மா. இதுக்கு ஒரே அர்த்தம்தான்."

"அப்பச் சரி" என்றாள் ஞானகுமாரி.