எல்லப்பன் முதலிய பூசணிக்காய்கள்

1

"இதுல யாரை மொதல்ல வெட்றது, பாப்பா?"

கையில் அரிவாளோடு அப்துல் ஜப்பார் பாய் கேட்டார். கேட்டது ஷாரோனை. இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் முளைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

கேட்டவர் கொலைகாரர் இல்லை. உத்திரமேரூர் கடைத்தெருவில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். மறுநாள் ஆயுத பூஜை. கடைக்குக் கடை, வண்டிக்கு வண்டி, திருஷ்டி சுற்றி நடுத்தெருவில் போட்டு உடைக்க வெள்ளைப் பூசணி வேண்டும். அதை ஏற்றிப்போகத்தான் மினி லாரியோடு காவாந்தண்டலத்துக்கு வந்திருந்தார். காயைப் பற்றி ஆளைக் கேட்பதுபோல அவர் கேட்கவேண்டி வந்ததற்கு ஷாரோன்தான் காரணம்.

இதை எழுதுகிறவளும் ஷாரோன்தான். "நான்" என்று எழுதிப் பார்த்தாள். அந்த எழுத்து நோட்டுக்குள்ளிருந்து அவளையே முறைத்தது. அடித்துவிட்டாள். ஷாரோன் என்று எழுதினால், பிடிபட்டாலும் தப்பிக்கலாம். ஊரில் மூன்று ஷாரோன்கள் இருக்கிறார்கள்.

2

தொடக்கம் சரியில்லையோ என்று சந்தேகம். அரிவாளில் ஆரம்பித்தால் படிக்கிறவர்கள் ரத்தத்தை எதிர்பார்ப்பார்கள். வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தாள்.

செய்யாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ——

(இந்த வருடம் ஆற்றில் மணல்தான் இருக்கிறது.)

மார்த்தாளுக்கு ஒரே மகள். அந்த மகளுக்கு வாய் ——

(அம்மாவில் தொடங்கினால் அம்மாவை விட்டு வெளியே வரமுடியாது.)

1999. வருடம் முடிந்ததும் உலகத்திலுள்ள கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காவாந்தண்டலத்தில் நின்றுபோவதற்கு ஒரு கம்ப்யூட்டரும் ——

(இது நன்றாக இருக்கிறது. கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

சரி, தோட்டம்.

மார்த்தாளும் அவள் புருஷன் வேதகிரியும் அடுத்தவர் கழனியில் நட்டு, களையெடுத்து, அறுத்துப் பிழைத்தவர்கள். சொந்தம் என்று இருந்தது அரசாங்கம் கொடுத்த மூன்று சென்ட் மனை. அதற்குப் பின்னால் கருவேல முள் மண்டிய புறம்போக்கு. கூலிக்குப் போய்வந்த பிறகு தினம் ஒரு முழம் என்று மூன்று வருடம் வெட்டி, மார்த்தாள் அதை முப்பது சென்ட் தோட்டமாக்கியிருந்தாள். வெண்டை, கத்தரி, மிளகாய், அவரைப் பந்தல், புடலைப் பந்தல். கோடியில், மண்மேட்டில் தொடங்கி வாய்க்கால் வரைக்கும் பூசணிக்கொடி.

புடலங்காய் சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்க, ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் கயிறு போட்டு ஒரு கல்லைத் தொங்கவிடவேண்டும். அது ஷாரோனின் வேலை. (பந்தலுக்குள் நின்றால் தலையைச் சுற்றிலும் கல் தொங்கும். அங்கே நின்று யோசித்தால் நல்ல வாக்கியம் வரும். வந்த சந்தோஷத்தில் நிமிர்ந்தால் அடிபடும்.)

ஷாரோன் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று பாடத்தைப் படி என்றால் குரல் வராது, காற்றுதான் வரும். ஒரு நாள் பீரியட் முடியும்வரை நிற்க வைத்தார்கள். மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு மறுநாள் வெண்டைக்குக் களையெடுக்க வேண்டியிருந்தது. பிறகு கத்தரிக்கு. அப்படியே நின்றுபோனது.

வாயில் வராதது கையில் வந்தது. நோட்டு நோட்டாக எழுதினாள். எழுதியதைக் காலி உரச் சாக்குக்குள் மடித்து வைத்தாள். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால், பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுதவளுக்கு நோட்டு எதற்கு என்று அடுப்பில் போட்டுவிடுவாள். அப்படித்தான் ஷாரோன் நம்பினாள்.

4

மார்த்தாளின் தோட்டத்தில் இரண்டு சட்டம். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக்கூடாது, காட்டினால் அழுகிவிடும். எண்ணக்கூடாது, எண்ணினால் காய்ப்பு நின்றுவிடும். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள் இதையெல்லாம் நம்பலாமா என்று பாஸ்டர் கேட்டார்.

"ஆண்டவரு பாத்துக்குவாருங்கய்யா. அதுக்குன்னு வெரலை நீட்னா உட்டுடுவனா?" என்றாள் மார்த்தாள்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் விரலும் நீட்டாமல், எண்ணிக்கையும் சொல்லாமல், எந்தக் காயை அறுப்பது என்று புருஷனுக்கு எப்படிச் சொல்வது?

"மேட்டாண்ட கீறத உட்டுட்டு, அதுக்கு அந்தாண்ட கீறத அறுத்தாய்யா."

"எதுக்கு அந்தாண்ட?"

"நா பாக்கறன் பாரு, அதுக்கு."

"நீ எங்க பாக்கறன்னு பாக்கறதா, காயைப் பாக்கறதா?"

வேதகிரி அறுத்துக்கொண்டு வந்தது விதைக்கு விட்டிருந்த காய். மார்த்தாள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஷாரோன் மெதுவாகச் சொன்னாள். "வாய்க்காலாண்ட கீறதுக்கு மங்கம்மான்னு பேர் வெச்சிக்கலாம்மா."

மங்கம்மா அடுத்த தெரு. அடிபம்புக்கு வந்தால் காலை அகட்டி உட்கார்ந்து, ஆறு குடமும் நிரம்பாமல் எழுந்திருக்கமாட்டாள். வாய்க்கால் மடையை அடைத்துக்கொண்டு கிடந்த காயும் அச்சு அசல் அப்படித்தான். மார்த்தாள் அந்தக் காயைப் பார்த்தாள். மங்கம்மா வீட்டுத் திசையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

அதிலிருந்து பூசணிகளுக்குப் பெயர் வந்தது. மேட்டில் எல்லப்பன். பாறையோரம் தேவகி. வேலிக்குள் நுழைந்துகொண்டது தாயாரம்மாள். மறக்காமலிருக்க ஷாரோன் நோட்டில் எழுதி வைத்தாள். பெயரோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.*

* பாறைக்குப் பின்னால் கிடந்த ஒரு காய்க்கு மார்த்தாள் என்றும் பெயர் வைத்திருந்தாள். அது நோட்டுக்கு மட்டும் தெரியும்.

5

காய்க்குப் பெயர் கொடுத்த இந்த எல்லப்பனை நினைத்தால் எழுதுகிறவளுக்குக் கொஞ்சம் தயக்கம். கதைக்காக அவரை முட்டாளாக்கிவிட்டாளோ என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டுக்கொண்டாள். ஊரின் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். மழை பெய்யும்போதும் கூலிங் கிளாஸ் போட்டிருப்பார். கூலிங் கிளாஸை எடுத்துவிட்டும் எழுதிப் பார்த்தாள். ஆள் யாரென்றே தெரியவில்லை. திரும்பவும் மாட்டிவிட்டாள்.

நோட்டு எழுதுவதை ஒரு நாள் வேதகிரி பார்த்துவிட்டார். "அம்மாகிட்ட சொல்லாத நைனா" என்று ஷாரோன் கெஞ்சினாள். அவர் சத்தியம் செய்தார். அம்மாவிடம் சொல்லவில்லை. டீக்கடையில் சொன்னார்.

"எங்க தோட்டத்துல ஊரே காய்ச்சிக்கினு கீது. பாப்பா நோட்டு போட்டு எழுதி வெச்சிகிது."

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டே ஊர் வந்தது.

"நா எங்க கீறன்?"

"நா ஏன் இம்மாத்தூண்டு கீறன்? அவ மட்டும் கும்முனு கீறா?"

"தாயாரம்மா, நீ முள்ளுக்குள்ள பூந்துக்கினு கீறடி."

விரல் நீட்டக்கூடாது என்பதால் எல்லோரும் சுட்டுவிரலைக் கொக்கிபோல மடக்கிக்கொண்டு, முட்டியாலும் முகவாயாலும் காட்டிக்கொண்டு நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊருக்கே ஒரே நாளில் கீல்வாதம் வந்ததுபோல இருந்தது.

பிறகு நடந்ததை நம்புவது உங்கள் விருப்பம். மங்கம்மா ஒரு கூடை எரு கொண்டுவந்து தன் தலைமாட்டில் மட்டும் கொட்டிவிட்டுப் போனாள். தேவகி தனக்கு வெயில் தாங்காது என்று தென்னங்கீற்று சாத்தினாள். எல்லப்பன் மார்த்தாளின் தெருவுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விட்டார். மார்த்தாளுக்கு இந்தத் திடீர்ப் பாசம் புரியவில்லை. பெயர் வைத்தது எப்படியோ வெளியே போய்விட்டது என்று மட்டும் நினைத்தாள். கொடி தழைத்தது. ஒவ்வொரு காயும் ஒரு ஆள் தூக்கத் திணறும் அளவுக்கு வந்தது.

6

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் பாயின் மினி லாரி வந்து நின்றதும், எல்லப்பன் அதன் முன்னால் போய் நின்றார்.

"என்னைக் கொண்டும்போய் நடுரோட்டுல ஒடைப்பீங்களா?"

"உன்னை இல்ல எல்லப்பா, காயை" என்றார் பாய்.

"காய்க்கு இன்னா பேரு?"

பாய் மார்த்தாளைப் பார்த்தார். மார்த்தாள் தரையைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பஸ் என் மேல ஏறிக்கினு போவும். நா இங்க டேங்க் மேல நின்னுக்கினு வேடிக்கை பாக்கணுமா?"

"என் மேல கைய வெச்சா தெரியும்" என்றாள் மங்கம்மா.

"அது நீ இல்ல, நானு. நீ அந்தாண்ட" என்றாள் தேவகி.

"எனக்குக் காய் வோணும் தாயீ. ஊரு வோட்டர் லிஸ்ட்டு வாணாம்" என்றார் பாய். "காலங்காத்தால பேஜாரு பண்றீங்களே. யாரு யாருன்னு ஒருத்தராவது சொல்லுங்க."

"பாப்பா நோட்டுல கீதே" என்றார் எல்லப்பன்.

அப்போதுதான் பாய் ஷாரோனின் பக்கம் திரும்பி, இந்தக் கதையின் முதல் வரியைக் கேட்டார்.

"நோட்டா? இன்னா நோட்டு?" என்றாள் மார்த்தாள்.

வேதகிரி லாரியின் டயரை ஆராயத் தொடங்கினார்.

"எடுத்தா" என்றாள் மார்த்தாள். ஷாரோன் எடுத்து வந்தாள். "படி."

நோட்டில் பெயர் மட்டும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் கீழே, அவளுக்கு மனதில் பட்டதை இரண்டு மூன்று வரி எழுதியிருந்தாள். காயைப் பற்றித்தான். ஆனால் காயைப் பற்றி மட்டும் இல்லை. படித்தால் இந்த ஊரில் அவள் தலைகாட்ட முடியாது. நோட்டும் மிஞ்சாது.

7

இங்கே முடிவுகள் பலவாகப் பிரிகின்றன.

அ) ஷாரோனுக்குக் குரல் வந்துவிடுகிறது. கணீரென்று படிக்கிறாள். ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. (எழுதும்போதே பேனா சிரித்தது.)

ஆ) எழுதியிருப்பதை விட்டு, எல்லோரையும் புகழ்ந்து இட்டுக்கட்டிப் படிக்கிறாள். (இதற்கும் குரல் வேண்டும்.)

இ) மங்கம்மாவின் ஆடு பாய்ந்து நோட்டைத் தின்றுவிடுகிறது. (அந்த நேரத்தில் ஷாரோன் உண்மையிலேயே ஜெபித்தது இதற்குத்தான். ஆடும் பக்கத்தில்தான் நின்றது. வெண்டையைத் தின்றுகொண்டிருந்தது.)

8

நடந்தது இது. ஷாரோன் வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

"குடு பாப்பா, நா படிக்கறன்" என்று எல்லப்பன் நோட்டைப் பிடுங்கினார். தன் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு உரக்கப் படித்தார்.

"எல்லப்பன். மேலே பளபளப்பு. வெள்ளை மாவு பூசிக்கொண்டு மேட்டில் உட்கார்ந்து எல்லோரையும் பார்க்கிறது. தட்டினால் உள்ளே ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்."

மங்கம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை, யாராலும்.

எல்லப்பன் திரும்ப ஒரு தடவை மனதுக்குள் படித்தார். நேராக மேட்டுக்குப் போய்க் காயை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லியாமே? பாய், அந்த அருவாளக் குடு."

"யோவ், ஒடைக்கக்கூடாதுன்னு நீதானய்யா சொன்ன."

"அது வேற, இது வேற."

சற்று முன்வரை யாரும் தொடக்கூடாதென்று லாரியை மறித்தவர், தன்னைத் தானே இரண்டாகப் பிளந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இறுகிய சதை, விதை அடைத்துக்கொண்டு. ஒரு பாதியைத் தோளுயரத்துக்குத் தூக்கிச் சுற்றிலும் காட்டினார்.

"பாத்துக்கோ. எல்லாம் பாத்துக்கோ. காலியா?"

ஷாரோன் எழுதியது தப்பு. அதை அவளே இங்கே ஒப்புக்கொள்கிறாள்.

அதற்குப் பிறகு யாராலும் மற்றவர்களைப் பிடித்துவைக்க முடியவில்லை. "என்னையும் ஏத்து பாய், நா மட்டும் இன்னா கொறைச்சலு? டவுன்ல ஒடையட்டும், நாலு பேரு பாக்கட்டும்" என்றாள் மங்கம்மா. தேவகியைத் தேவகியே தூக்கிக்கொண்டு வந்தாள். தாயாரம்மாளை முள்ளிலிருந்து விடுவிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். தங்கள் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. லாரி நிறைந்தது.

தான் கெட்டி என்று நிரூபித்த உற்சாகத்தில் எல்லப்பன் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா மார்த்தா, உன் பேர்லயும் ஒண்ணு கீதே" என்று தொண்டையைச் செருமினார்.

மார்த்தாள் அவர் கையிலிருந்து நோட்டை வாங்கிக்கொண்டாள்.

9

மார்த்தாள் படிப்பது வேதாகமம் ஒன்றுதான். அதையும் எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். உதடு அசையும். அன்றைக்கும் அசைந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"மார்த்தாள். எல்லாக் கொடிக்கும் பாய்ந்த பிறகு மிச்சம் இருந்தால்தான் இதற்குத் தண்ணீர். கேட்காததால் இதற்குத் தாகமே இல்லை என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நானும்தான். எனக்கு இதைப் பார்த்தால் பயம். இதை மட்டும் விற்கக்கூடாது."

நாலைந்து வரி. அவள் படித்து முடிக்க, லாரியில் இரண்டு சுற்றுக் கயிறு கட்டும் நேரம் ஆனது. முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள்.

எழுதுகிறவளுக்கு இங்கே கை நிற்கிறது. அம்மா கண்கலங்கினாள் என்று எழுதினால் பொய். அறைந்தாள் என்றாலும் பொய். அந்த நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம். அது அடுப்புக்குப் போகுமா, ஷாரோனின் கைக்குத் திரும்புமா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியது. இதை வேறொரு நோட்டில், அன்று மாலையே, அது தெரியாமலேயே எழுதிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கும் அம்மா இருப்பாள். முகத்தைப் பார்த்து அர்த்தம் சொல்ல உங்களால் முடிந்தால், முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முகம் மட்டும் இருக்கிறபடி தருகிறாள்: நெற்றியில் வியர்வை, கீழுதட்டைப் பல் கடித்திருந்தது, கண் நோட்டை விட்டு எழவில்லை.

"பாறைக்குப் பின்னால ஒண்ணு பெரிசா கீதேம்மா" என்றார் பாய். "அது வருதா, வரலியா?"

மார்த்தாள் நோட்டை மூடினாள். முந்தானையை இழுத்துச் செருகி, நோட்டை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஷாரோன் ஒரு அடி முன்னால் வந்தாள். மார்த்தாள் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வேலியில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னும் வெட்டாத முள்ளுப் பக்கமாக நடந்துபோனாள்.