தண்ணீர் மட்டும்தான்

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊர் தபால் நிலையத்தின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஓர் அட்டையிலிருந்து. மார்ச் மாதம் பார்த்தேன்.

'லொரெய்ன் ப்ரீஸ். தோட்ட வேலை. புல் வெட்டுதல், வேலி கத்தரித்தல், களை எடுத்தல். நேரம் தவறமாட்டேன்.' அடியில் ஒரு கைபேசி எண்.

அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அனுபவம் இருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். இந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள நேரத்தைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. பயந்துகொண்டே எழுதிய அட்டை அது.

(இது பாதி உண்மை. மீதிப் பாதியை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன், அதற்குள் தைரியம் வந்தால்.)

2

தொடக்கங்கள்.

"நாற்பத்தெட்டாவது வயதில் லொரெய்ன் ப்ரீஸ் ஒரு பழைய வெள்ளை வேனையும் ஒரு புல்வெட்டியையும் வாங்கினாள்." இப்படி எழுதினால் பெரிய துணிச்சல்காரி போலத் தெரிகிறாள். அடித்துவிட்டேன்.

"பல் மருத்துவரின் வரவேற்பறையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவளை ஒரு வெள்ளிக்கிழமை மதியம்—" வேண்டாம். வேலை போன கதையாகப் போய்விடும்.

"லொரெய்னுக்குப் பயமாக இருந்தது." இதுதான் சரி. இதை வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுப் புல்லையும் அவள்தான் வெட்டுகிறாள். இங்கே தோட்டக்காரருக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவது கிட்டத்தட்டக் குற்றம். ஏப்ரலில் ஒருநாள் சமையலறை வாசலில் கோப்பையோடு நின்றபடி சொன்னாள்.

"டானி, பல் டாக்டர்கிட்ட இருந்தப்போ தப்பு நடந்தா உருள்றது டாக்டர் தலை. இப்ப இருக்கிறது என் தலை ஒன்னுதான்."

"செடிதானே? தப்பா வெட்டினா திரும்ப முளைச்சிட்டுப் போகுது."

"எது முளைக்கும், எது முளைக்காதுன்னு தெரிஞ்சா நான் ஏன் பயப்படறேன்? நேத்து திருமதி ஓக்லி வீட்டு வேலிய உள்ள இருக்கிற பழுப்புக் கட்டை வரைக்கும் வெட்டப் போயிட்டேன். நல்ல வேளை, அந்த நேரம் பாத்து அவங்க டீ கொண்டுவந்தாங்க. குடிச்சுக்கிட்டே போன்ல பாத்தா, அந்த ஜாதி வேலியப் பழுப்புல வெட்டினா தலைகீழா நின்னாலும் துளிர்க்காதாம். டீ மட்டும் லேட்டா வந்திருந்தா நான் இன்னிக்கு இங்க நிக்க மாட்டேன்."

சிரித்தாள். 

* டானி என்பது நான். முழுப்பெயர் தணிகாசலம். இருபத்தாறு வருடமாக இங்கிலாந்தின் இந்த லெம்ஸ்டர் ஊரில் யாரும் முழுப்பெயரைச் சொன்னதில்லை. இவர்கள் மொழியில் 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் ஒரே சொல்தான். யார் வாயில் எதைப் போடுவது என்று முடிவுசெய்தது நான். கதைக்குள் எனக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

பக்கத்து வீட்டு மால்கம் குவில்லியம். வயது எழுபத்தொன்பது, ஊர் மலர்ச் சங்கத்தின் செயலாளர். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை நடக்கும் மலர்க் கண்காட்சியில் ஒன்பது வருடமாக ஸ்வீட் பீ பூவுக்கு முதல் பரிசு அவருக்குத்தான். பட்டாணியின் உறவு, ஆனால் பூவுக்காக மட்டுமே வளர்ப்பது. ஒரு மூங்கில் குச்சிக்கு ஒரு கொடி என்று நாற்பது கொடிகள். கொடி தானாகப் பற்றி ஏறக் கூடாது. பற்றுக்கம்பிகளைத் தினமும் கிள்ளிவிட்டு, கையால் கட்டிக்கட்டி ஏற்றவேண்டும். அப்போதுதான் காம்பு நேராக நீளும்.

இடுப்பு அறுவை சிகிச்சை, பிறகு மூன்று வாரம் கார்டிஃபில் மகள் வீட்டில் ஓய்வு. கிளம்புவதற்கு முதல்நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று லொரெய்னுக்குப் பாடம் எடுத்தார்.

"கம்பி ஒன்னு விடாம கிள்ளணும். ஞாயித்துக்கிழமையும். ஏழாம் நாள் கடவுளே ஓய்வெடுத்தாரு, ஸ்வீட் பீ எடுக்கல. செவ்வாய்க்குச் செவ்வாய் கடல்பாசி உரம், இலை நனையற மாதிரி. நீ செத்துட்டா மட்டும் வரவேண்டாம். அப்பவும் ஒரு போன் பண்ணிடு."

"செத்துட்டு எப்படி மால்கம் போன் பண்றது?"

"அது உன் பிரச்சினை. நீதான் இப்ப முதலாளியாச்சே."

பிறகு என் பக்கம் திரும்பி, அவளுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "இவ இதுல தேறிட்டா இந்த ஊர்ல பாதித் தோட்டம் இவளுக்குத்தான், டானி. நானே சொல்லிவிடறேன்." தேறாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மால்கம் வாயைத் திறந்து பெயர் சொல்லாத தோட்டக்காரரை இந்த ஊரில் யாரும் கூப்பிடுவதில்லை.

4

இங்கே ஒரு கதாபாத்திரம் தேவைப்படுகிறது. அவருக்கு கிளைவ் என்று பெயர் வைத்தேன். ஏழாம் எண் வீடு, தனி ஆள், எதிலும் ஒட்டாதவர்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. லொரெய்னின் பூவாளி அடியில் விரிசல் விட்டுவிட்டது. உரம் கலந்து தெளிக்கவேண்டிய நாள். அவள் கிளைவ் வீட்டுக் கதவைத் தட்டி, சுவரோரம் இருந்த பச்சைப் பூவாளியை இரவல் கேட்டாள்.

"இதுல வேற ஏதாச்சும் ஊத்தினீங்களா?"

"தண்ணி மட்டும்தான்."

முந்தைய வாரம் அதே பூவாளியில்தான் கிளைவ் புல்தரைக் களைக்கொல்லியைக் கரைத்து ஊற்றியிருந்தார். கழுவவில்லை. அந்த மருந்து புல்லை ஒன்றும் செய்யாது. அகன்ற இலை எதுவானாலும் முறுக்கிவிடும். ஸ்வீட் பீக்குச் சில சொட்டு போதும்.

எழுதிவிட்டுப் பார்த்தால் கிளைவை நம்பமுடியவில்லை. அந்தப் பெண் மேல் அவருக்கு என்ன கோபம்? எதற்காகப் பொய் சொல்லவேண்டும்? சின்ன வயதில் அவருக்கு நடந்த ஏதோ ஒரு கசப்பை உள்ளே வைத்துப் பார்த்தேன். (இரண்டு பக்கம். கிழித்தாயிற்று.) எதை வைத்தாலும் அந்த ஆள் பொருந்தவில்லை.

5

பொருந்தமாட்டார். கிளைவ் என்று யாருமே இல்லை. ஏழாம் எண்ணில் இருப்பது ஒரு நல்ல குடும்பம்.

பூவாளி என்னுடையது.

கோபம் எதுவும் இல்லை. நான் எழுதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வேறொரு கதை. காலையிலிருந்து வராத முதல் வாக்கியம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அவள் வாசலில் நின்றாள், கேட்டாள், வாய் தானாகப் பதில் சொன்னது. வாக்கியம் ஓடிப்போவதற்குள் அவள் போனால் சரி என்றிருந்தது.

பத்து நிமிடம் கழித்து நினைவு வந்தது. டான்டலியன் களைக்குக் கரைத்து ஊற்றிய அந்த மருந்து, அந்த மூடி, அந்த வாடை. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். வேலி வரை பதினோரு எட்டு. உடனே பூவாளியைத் தூக்கி எறிந்து இலைகளை நல்ல தண்ணீரில் அலசியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். கழுவித்தான் வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கழுவவில்லை என்று எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு கொடியாக, குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டுவதுபோல, நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நான் வாக்கியத்துக்குத் திரும்பினேன். அது என்ன வாக்கியம் என்பது இப்போது ஞாபகம்கூட இல்லை.

6

சனிக்கிழமை காலை நுனிகள் சுருண்டிருந்தன. ஞாயிறன்று நாற்பது கொடிகளிலும் இலை குறுகி, காம்பு திருகிப்போயிருந்தது. லொரெய்ன் ஒரு நுனியைக் கிள்ளி நாற்றுப் பண்ணைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். திங்கட்கிழமை என் வாசலில் வந்து நின்றபோது முகம் வெளிறியிருந்தது. தேநீர் வேண்டாம் என்றாள்.

"களைக்கொல்லியாம், டானி. பாத்த உடனே சொல்லிட்டாரு. எனக்கு ஸ்ப்ரே அடிக்க சர்டிபிகேட்டே கிடையாது, அந்தக் கருமத்த என் வேன்ல ஏத்தினதுகூட இல்ல."



"என் பழைய பூவாளிதான்," என்றாள். "மார்ச்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். முன்னாடி வச்சிருந்தவங்க அதுல என்ன ஊத்தினாங்களோ. அது விரியற வரைக்கும் அதுலதானே ஊத்தினேன், உள்ளுக்குள்ளயே ஏறியிருக்கும். உங்ககிட்ட கேட்டேன் பாருங்க, அதே மாதிரி அவங்ககிட்டயும் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

"லொரெய்ன்—"

"மூணு நாளா காலையில எழுந்ததும் வாந்தி. வியாழக்கிழமை மால்கம் வர்றாரு. அவர் கொடியப் பாக்கறதுக்கு முன்னாடி நானே போய் நான்தான் செஞ்சேன்னு சொல்லிடறேன். அன்னிக்கே காலையில ஒன்பது மணிக்குத் தபால் நிலையம் திறந்ததும் அட்டையக் கழட்டிடறேன். கிடங்குல பெட்டி கட்டற வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம்."

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே."

"எதுக்கு? அட்டையில வேற ஒன்னும் எழுத இல்லாமத்தான் நேரம் தவறமாட்டேன்னு எழுதினேன். அதையாவது ஒழுங்கா செய்யறேன்."

அவள் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன் என்பதைக் கவனித்தீர்களா? அந்தக் கோட்டுக்குப் பிறகு என்ன வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். வரவில்லை. எனக்குப் பயம். நாங்கள் இங்கே குடிவந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் வாசல் பனியை அள்ளிப்போட்டவர் மால்கம். சங்கக் கூட்டத்தில் 'நம்ம டானி' என்று என்னை எழுப்பி நிறுத்தியவர். பெயர் போனால்கூடப் பரவாயில்லை. அந்த 'நம்ம' போய்விடும். இந்த வயதில் அதை வேறெங்கே போய்ச் சம்பாதிப்பேன்?

7

முடிவுகள்.

அ) நான் சொல்லிவிடுகிறேன். அவள் மன்னிக்கிறாள். எழுதுவது நான் என்பதால் கட்டாயம் மன்னிப்பாள். அதனாலேயே இந்த முடிவை வைக்க வெட்கமாக இருக்கிறது.

ஆ) கொடிகள் தேறி, ஒரேயொரு பூங்கொத்து மலர்ந்து பரிசு வாங்குகிறது. கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள். நேற்று வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மொட்டுகளும் திருகிவிட்டன.

இ) மால்கம் ஊன்றுகோலோடு வேலியருகே வருகிறார். கொடிகளைப் பார்க்கிறார். என் புல்தரையைப் பார்க்கிறார், அதில் ஒரு டான்டலியன்கூட இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து—

இதற்கு மேல் கை ஓடவில்லை.

8

இன்று புதன்கிழமை. மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது.

"உங்க பூவாளி, டானி. சோப்புப் போட்டு மூணு தடவை கழுவிட்டேன்."

"எதுக்கு அவ்வளவு?"

"என் கை பட்டதுல எல்லாம் அந்த விஷம் ஒட்டியிருக்குமோன்னு பயமா இருக்கு. உங்க தக்காளிக்கு ஒன்னும் ஆயிடக் கூடாது." உள்ளே எட்டிப் பார்த்தாள். "எழுதிட்டிருந்தீங்களா? கெடுத்துட்டேனா?"

"இல்ல இல்ல. ஒரு கதை."

"யாரப் பத்தி?"

"ஒரு தோட்டக்காரி."

இந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். "ஐயோ பாவம். அவளுக்காவது நல்லபடியா முடிங்க. எனக்குப் படிச்சுக் காட்டுவீங்களா?"

"தமிழ்ல எழுதறேன்."

"அப்ப எனக்குத் தெரியவே போறதில்லன்னு சொல்லுங்க," என்று கையசைத்துவிட்டு வேனை நோக்கிப் போனாள்.

பூவாளிக்குள் பார்த்தேன். அடியில் இரண்டு மூன்று சொட்டு. இப்போது அதில் இருப்பது தண்ணீர் மட்டும்தான்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. தாய்மொழி, பழக்கம், அப்படி ஏதாவது சொல்லியிருப்பேன். இந்தத் தெருவில் பதினோரு வீடுகள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. முழுதாக ஒப்புக்கொள்ளலாம், யாருக்கும் கேட்காது.

முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவது எழுதுபவர்களின் பழைய சாமர்த்தியம். நான் சாமர்த்தியத்தில் கொடுக்கவில்லை, பயத்தில் கொடுக்கிறேன். இப்போது விஷயம் தெரிந்தவர்கள் நானும் நீங்களும்தான். உங்களுக்கு ஆங்கிலமும் கொஞ்சம் வரும். அவளுடைய எண் அட்டையின் அடியில் இருக்கிறது. நாளைக் காலை ஒன்பது மணி வரை அது அங்கேயே இருக்கும். அவள் நேரம் தவறமாட்டாள்.